லீமாவில் எத்தனை நாள் தங்கலாம்? பழைய நகரத்தை விட்டுவிடலாமா?

கோவைப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு பெரு போகிறேன். அம்மாவுக்கு வயது 63. நன்றாக நடப்பார், ஆனால் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மச்சு பிச்சு அவருடைய நெடுநாள் ஆசை. டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் லீமாவில் இறங்கி ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் காலை குஸ்கோ விமானம் பிடிப்பதாக இருக்கிறது. லீமாவில் பார்க்க ஒன்றும் இல்லை, மேகமூட்டம், திருட்டு பயம் வேறு என்கிறார். நாட்டின் தலைநகர், கடலோரம், 490 ஆண்டுப் பழமை. அப்படி ஓர் ஊரில் ஒன்றுமே இல்லையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை நாள் ஒதுக்கலாம், எங்கே தங்கலாம், அம்மா என்ன சாப்பிடுவார்?

கள்ளிக்காடு:
ஏஜென்ட் சொல்வதில் பாதி சரி. ஒரு முழு நாள் கொடுங்கள், போதும். மிராஃப்ளோரஸ் பகுதியில் தங்குங்கள். கடலோரக் குன்றின் மேல் பூங்காக்கள் வரிசையாக இருக்கின்றன, அம்மாவோடு நடக்க அருமையான இடம். முத்தமிடும் ஜோடிச் சிலை இருக்கிற காதல் பூங்கா, பாறை விளிம்பில் கட்டிய வணிக வளாகம், மாலையில் பக்கத்துப் பகுதியான பராங்கோ. பழைய நகர மையம் நெரிசல், இரைச்சல். அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மாடத்தெரு:
நண்பர் கள்ளிக்காட்டோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். வேலை நிமித்தம் லீமாவில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன். மிராஃப்ளோரஸை மட்டும் பார்த்துவிட்டு லீமா பார்த்ததாகச் சொல்ல முடியாது. அது வசதியான, அழகான கடலோரப் பகுதி, அவ்வளவுதான். ஊரின் கதை முழுக்கப் பழைய மையத்தில் இருக்கிறது.

1535 ஜனவரி 18 அன்று ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இந்த நகரத்தை நிறுவினார். ஸ்பானியருக்கு முன் ஆண்ட இன்காக்களின் தலைநகரான குஸ்கோவை விட்டுவிட்டு ஏன் இங்கே என்றால், ஸ்பெயினோடு தொடர்பு கடல் வழியாகத்தான். மலை உச்சியில் இருந்துகொண்டு கப்பல்களை ஆள முடியாது. ஆக, பக்கத்தில் கயாவோ துறைமுகம், குடிக்க ரீமாக் ஆற்றுத் தண்ணீர் என்று பார்த்து இந்தப் பாலைநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெறும் நிலமில்லை. தவுலிசூஸ்கோ என்ற தலைவரின் ஆளுகையில், வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்துகொண்டிருந்த மக்கள் இருந்தார்கள். பிறகு கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் ஆட்சி முழுமைக்கும் இதுதான் தலைமையிடம். இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசிச் சுரங்கத்து வெள்ளி இதன் கை வழியாகத்தான் போனது. சான் மார்கோஸ் பல்கலைக்கழகம் 1551-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

பிளாசா மயோர் சதுக்கத்தில் நின்றால் அரண்மனை, தேவாலயம், மாநகராட்சி மூன்றும் சுற்றி நிற்கும். நடுவில் 17-ஆம் நூற்றாண்டு வெண்கல நீரூற்று. 1821 ஜூலை 28 அன்று விடுதலைப் படைத்தலைவர் சான் மார்ட்டின் பெருவின் விடுதலையை அறிவித்ததும் இந்தச் சதுக்கத்தில்தான். தேவாலயத்துக்குள் பிசாரோவின் கல்லறை இருக்கிறது. அதில் ஒரு சுவையான கதை. பல்லாண்டுகளாக ஒரு பதப்பட்ட உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இவர்தான் பிசாரோ என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். 1977-ல் நிலவறையில் வேலை செய்தவர்கள் ஓர் ஈயப்பெட்டியைக் கண்டார்கள். உள்ளே மண்டையோடு, மூடியில் பிசாரோவின் பெயர். எலும்புகளில் இருந்த வாள்வெட்டுக் காயங்களை ஆராய்ந்த பிறகு, இதுவரை காட்டியது வேறு யாரோ என்று தெரிந்தது. 1541-ல் அவரை எதிரிகள் வெட்டித்தான் கொன்றார்கள்.

அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ மடம். ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். செவில் நகரத்து வண்ண ஓடுகள் பதித்த தாழ்வாரம், பழைய நூல்கள் அடுக்கிய நூலகம், பிறகு தரைக்குக் கீழே நிலவறைகள். 1808-ல் நகருக்கு வெளியே பொது மயானம் வரும் வரை ஊரார் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். 25,000 பேர் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கிணறு போன்ற குழியில் தொடை எலும்புகளையும் மண்டையோடுகளையும் வட்ட வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது ஒப்புமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படியும் தாழ்வு, கூரையும் தாழ்வு. மேலே உணவுக்கூடத்தில் இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் ஒன்று உண்டு. அதில் வட்ட மேசையில் ஆண்டீஸ் மக்கள் உண்ணும் கினிப்பன்றி பரிமாறப்பட்டிருக்கும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

தெருக்களில் நடக்கும்போது தலையை உயர்த்தியே வைத்திருங்கள். முதல் மாடியில் பெட்டி மாதிரி மூடிய மரமாடங்கள், நுணுக்கமான சல்லடை வேலையோடு தொங்கும். வீட்டுப் பெண்கள் தாங்கள் தெரியாமல் தெருவைப் பார்ப்பதற்காக. ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூரியரின் கலை ஸ்பெயின் வழியாக இங்கே வந்து இறங்கியது. 1735-ல் கட்டிய தோர்ரே தாக்லே மாளிகையின் மாடங்கள்தான் உச்சம். இப்போது அது வெளியுறவு அமைச்சகம், பெரும்பாலும் வெளியில் இருந்துதான் பார்க்க முடியும். அது போதும்.

வடமராட்சி:
மாடத்தெரு ஐயா வடிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் டொராண்டோவில் இருந்து குடும்பமாகப் போயிருந்தோம். நான் ஒரு விசயம் சேர்க்கிறேன். ஸ்பானியருக்கு முந்தைய லீமாவை மறக்க வேண்டாம். மிராஃப்ளோரஸின் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவிலேயே வாக்கா புக்யானா என்று ஒரு மண்செங்கல் பிரமிட் நிற்கிறது. இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. புத்தக அலுமாரியில் புத்தகம் அடுக்குவது போல, செங்கல்களைச் செங்குத்தாக, இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். நிலம் நடுங்கினால் அந்த இடைவெளி அதிர்வை வாங்கிக்கொள்ளும். 1981-க்குப் பிறகுதான் முறையாகத் தோண்டிப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். அதற்கு முதல் பெரும்பகுதியை வீட்டு மனைகள் விழுங்கிவிட்டன. மீதி இருப்பதைப் பார்த்தாலே பிரமிப்பு. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், இரவிலும் பார்க்கலாம்.

லார்கோ அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் வையுங்கள். பழங்காலத்தில் பெருவின் வடகரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் செய்த முகக் குடுவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் முகம், நேரில் கதைப்பது போல இருக்கும். மற்ற அருங்காட்சியகங்களில் மூடி வைத்திருக்கும் சேமிப்புக் கூடத்தை இங்கே திறந்தே வைத்திருக்கிறார்கள். அலுமாரி அலுமாரியாக மண்பாண்டங்கள். காமக் கலைப் பொருட்களுக்கென்று தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கூடம் உண்டு. அம்மாவோடு போகிறீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன், தனியாக இருப்பதால் விட்டுவிட்டு வருவது சுலபம்.

கோவைப்பயணி:
இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரே நாளில் முடியாது என்பது புரிகிறது. ஆகஸ்ட்டில் வானம் எப்படி இருக்கும்? மழைக்கோட்டு வேண்டுமா?

வடமராட்சி:
ஆகஸ்ட் என்றால் வெயிலை எதிர்பார்க்க வேண்டாம். ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை வெள்ளைப் போர்வை போர்த்திய மாதிரி வானம். கரையோரமாக ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் காற்றைக் கீழிருந்து குளிர வைக்கிறது, மேலே சூடான காற்று மூடியாக நிற்கிறது, நடுவில் மேகம் சிக்கிக்கொள்கிறது. ஆனால் அந்த மேகம் மழையாகப் பெய்வதில்லை. கருவா என்று சொல்லும் பொசுபொசுத்த தூறல்தான், முகத்தில் ஈரம் படும், குடை தேவைப்படாது. உலகின் பெரிய பாலைவன நகரங்களில் கெய்ரோவுக்கு அடுத்தது லீமாதான். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை நல்ல வெயில், ஆனால் அப்போது குஸ்கோப் பக்கம் மழைக்காலம். மச்சு பிச்சுக்கு ஆகஸ்ட்தான் சரி, ஆகவே லீமாவின் சாம்பல் நிறத்தை ஏற்றுக்கொண்டு போங்கள். ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்கும். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம்.

கள்ளிக்காடு:
வரலாற்றைப் பற்றி நான் எதுவும் குறை சொல்லவில்லை. பாதுகாப்புதான் என் கவலை. 2025-ல் மட்டும் மார்ச்சிலும் அக்டோபரிலும் லீமாவுக்கும் கயாவோவுக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களால் பேருந்து ஓட்டுநர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டம் என்றால் முதலில் அடைபடுவது பழைய மையத்துச் சதுக்கம்தான். வயதான அம்மாவோடு ஒருவர் கேட்கும்போது இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

மாடத்தெரு:
சொல்ல வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கும்பல்களின் கை பெரும்பாலும் நீள்வது நகரத்தின் விளிம்புப் பகுதிகளில், அங்கே பேருந்து ஓட்டி, கடை வைத்துப் பிழைக்கும் உள்ளூர்க்காரர்கள் மேல். பயணிக்கு வரும் தொல்லை வேறு வகை. கைப்பேசி பறிப்பு, பையைக் கிழிப்பது, பொய் டாக்சி. அதற்கு வழி இருக்கிறது.

காலை 9 மணிக்கு மையத்துக்குப் போய், மாலை 4 மணிக்குள் திரும்பிவிடுங்கள். சதுக்கம், ஹிரோன் டே லா உனியோன் கடைத்தெரு, சான் ஃபிரான்சிஸ்கோ மடம், சாந்தோ தோமிங்கோ மடம், எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. பகலில் போலீசும் மக்களும் நிறைந்திருக்கும். ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து போக வேண்டாம். தெருவில் நின்று கைப்பேசியில் வழி தேடாதீர்கள், ஏதாவது கடைக்குள் நுழைந்து பாருங்கள். தெருவில் கைகாட்டி டாக்சி ஏறாதீர்கள். மீட்டர் கிடையாது, வண்டி யாருடையது என்றும் தெரியாது. செயலி வழியாகவோ விடுதி மூலமாகவோ அழையுங்கள்.

போக வர மெட்ரோபொலித்தானோ பேருந்து நல்லது. 2010 முதல் ஓடுகிறது, தனித்தடம் என்பதால் லீமாவின் கொடுமையான போக்குவரத்து நெரிசலில் சிக்காது. பராங்கோ, மிராஃப்ளோரஸ் வழியாக நேரே மையத்துக்கு வரும். ஒரு அட்டை வாங்கி இருவரும் அதையே தட்டிக்கொள்ளலாம். காலை 7 முதல் 9 வரை மட்டும் ஏற வேண்டாம், மூச்சு முட்டும்.

போராட்ட நாளில் சதுக்கம் அடைபட்டால் அன்று லார்கோவுக்குப் போய்விட்டு அடுத்த நாள் மையத்துக்கு வாருங்கள். இதற்காகத்தான் ஒரு நாள் போதாது என்கிறேன்.

கள்ளிக்காடு:
சரி, பகலில் இப்படித் திட்டமிட்டுப் போவதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்குவது மட்டும் மிராஃப்ளோரஸில்தான் இருக்க வேண்டும், அதில் மாறமாட்டேன்.

மாடத்தெரு:
அதில் நானும் உங்கள் கட்சி.

அடுப்படி:
சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நானும் சைவம்தான். லீமாவைப் பற்றி எல்லோரும் புகழ்வது மீன். எலுமிச்சையிலும் மிளகாயிலும் ஊறிய செவிச்சே, 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உலகின் சிறந்த உணவகம் என்ற பட்டமும் 2023-லும் 2025-லும் இந்த ஊருக்குத்தான் கிடைத்தது. இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கு ஒன்றும் இல்லை என்று அம்மா பயந்துவிட வேண்டாம். உருளைக்கிழங்கு பிறந்த நாடு இது. ஆண்டீஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ரகங்கள் விளைகின்றன. சர்வதேச உருளைக்கிழங்கு மையமே லீமாவில்தான் இருக்கிறது, 1971-ல் தொடங்கியது.

காவுசா என்று கேளுங்கள். மசித்த மஞ்சள் உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மஞ்சள் மிளகாய் விழுதும் பிசைந்து, அடுக்கடுக்காக வைத்துக் குளிர்ச்சியாகத் தருவார்கள். வழக்கமாக நடுவில் கோழியோ டூனாவோ மயோனைஸோடு இருக்கும். அவகாடோ மட்டும் வைத்து, மயோனைஸ் இல்லாமல் கேளுங்கள், முட்டை அதில்தான் ஒளிந்திருக்கும். பாப்பா அ லா வங்காயினா என்பது வேகவைத்த கிழங்கின் மேல் பாலாடைக்கட்டி மிளகாய்க் குழம்பு. மேலே அவித்த முட்டை வைப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சோளக்கதிரோடு வெள்ளைப் பாலாடைக்கட்டி தெருவோரத்திலேயே கிடைக்கும். கதிரின் ஒவ்வொரு மணியும் அப்படிப் பெரிது! ஊதாச் சோளத்தைப் பட்டை, கிராம்பு, அன்னாசித் தோலோடு கொதிக்க வைத்த சீச்சா மொராடா குடித்துப் பாருங்கள், கள் இல்லை, தாராளமாக அம்மாவுக்குக் கொடுக்கலாம். மாலையில் பிக்கரோனெஸ். பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்த மாவை வளையமாகச் சுட்டு வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

கவனம் வேண்டியது சூப்பிலும் சோற்றிலும். "காய்கறி சூப்" என்று சொல்லிவிட்டு கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள், அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் உவேவோ" என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை நான்கும் வேண்டாம் என்று பொருள். சோறு இல்லாமல் முடியாது என்றால் சீஃபா என்ற சீன உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 1849-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்களின் வழிவந்த சமையல். காய்கறி சௌஃபா கேட்டால் சுடச்சுட வறுத்த சோறு வரும். இதிலும் முட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், புட்டித் தண்ணீர்தான்.

கோவைப்பயணி:
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பூசணி வளையம் என்றதும் முகம் மலர்ந்தது. விசா, தடுப்பூசி பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? எங்கள் இருவரிடமும் அமெரிக்க விசா இருக்கிறது.

கிண்டிரயில்:
இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் விசாக்களில் ஏதாவது ஒன்று இன்னும் 6 மாதமாவது செல்லுபடியானால் தனியாக எடுக்கத் தேவையில்லை. கிளம்புமுன் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், விமான நிறுவன ஊழியரிடம் காட்டவும் உதவும்.

தடுப்பூசியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய 6 நாட்களுக்குள் இந்தியா வந்தால் இங்கே விமான நிலையத்தில் மஞ்சள் அட்டை என்ற தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் தனிமை முகாம்தான். லீமாவையும் குஸ்கோவையும் தவிர வேறெங்கும் போகாவிட்டாலும் இந்த விதி உண்டு. சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். ஆனால் அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. அந்த வயதில் முதல்முறை போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். குடும்ப மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். போட வேண்டாம் என்று அவர் சொன்னால், திரும்பும் வழியில் வேறு நாட்டில் ஒரு வாரம் தங்கி வருவது ஒரு வழி.

கோவைப்பயணி:
இது யாருமே சொல்லாத தகவல், மிக்க நன்றி. அமெரிக்காவில் அக்கா இருக்கிறார், தேவைப்பட்டால் அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம். லீமாவுக்கு 4 நாள் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். முதல் நாள் ஓய்வும் கடற்கரை நடையும். 2-ஆம் நாள் பழைய மையம். 3-ஆம் நாள் லார்கோவும் வாக்கா புக்யானாவும். 4-ஆம் நாளுக்கு என்ன செய்யலாம்?

வடமராட்சி:
எங்களுக்கு மனதில் நின்றது நினைவிடம்தான். மிராஃப்ளோரஸ் குன்றின் சரிவில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1980 முதல் 2000 வரை ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் ஆயுத இயக்கத்துக்கும் அரசுக்கும் நடுவில் நாட்டு மக்கள் பட்டதைச் சொல்லும் இடம். உண்மை ஆணையம் 69,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிட்டது. இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாய்மொழி கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகள். காணாமல் போனவர்களின் படங்களும், பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மார் பேசும் காணொளிகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் அப்படித் தேடியவர்கள் உண்டு. என் மனைவி ஒரு தாயின் முன்னால் கனநேரம் நின்றார், மொழி விளங்காமலே. நுழைவுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் ஏற்ற இடம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த நாட்டு மக்களை மதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு பின்னேரம் ஒதுக்கி ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

மாடத்தெரு:
நல்ல யோசனை. பின்னேரம் அதற்கு என்றால், அன்று காலை பச்சகாமாக் போய் வரலாம். தெற்கே சுமார் 30 கிலோமீட்டர், லூரின் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இன்காக்களுக்கு முன்பே குறி கேட்க நெடுந்தூரத்தில் இருந்தெல்லாம் மக்கள் வந்த கோயில் நகரம். இன்காக்கள் வென்ற பிறகும் அந்தத் தெய்வத்தை அகற்றவில்லை, பக்கத்தில் சூரியனுக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். 1533-ல் பிசாரோவின் தம்பி எர்னாண்டோ தங்கம் தேடி வந்து கருவறையை உடைத்தார். 1938-ல் கண்டெடுத்த செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண் ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இருபுறமும் முகம் கொண்டது. சூரியன் கோயிலின் மேலே ஏறினால் கடலும் தீவுகளும் தெரியும்.

வெயில் இல்லாத ஆகஸ்ட் அங்கே நடக்க வசதி. மணல் காற்று உண்டு, அம்மாவுக்குத் தலைத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பேருந்தில் போகலாம் என்றாலும், அம்மாவோடு என்பதால் விடுதியில் சொல்லி அரை நாள் வண்டி பேசிக்கொள்ளுங்கள். உள்ளேயே தூரம் அதிகம், வண்டியிலேயே சுற்றி வரவும் முடியும்.

திங்கட்கிழமைகளில் பல இடங்கள் மூடியிருக்கும், பச்சகாமாக்கும் நினைவிடமும் உட்பட. லார்கோ திறந்திருக்கும். உங்கள் நான்கு நாளில் திங்கள் வந்தால் அதை லார்கோவுக்கு வையுங்கள்.

கோவைப்பயணி:
தேதியைப் பார்த்தேன், மூன்றாம் நாள்தான் திங்கள். லார்கோ அப்படியே பொருந்துகிறது. வாக்கா புக்யானா எந்தக் கிழமை விடுமுறை என்று மட்டும் அவர்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு எடுக்கிறேன்.

அடுப்படி:
மறக்காமல் இன்னொன்று. சீத்தாப்பழத்தின் இனமான சிரிமோயா அங்கே ஆகஸ்ட்டில் சந்தையில் இருக்கும். சுர்கியோ சந்தை மிராஃப்ளோரஸுக்குப் பக்கம்தான், காலையில் அம்மாவோடு போய் வாருங்கள். லூகுமா என்ற பழத்தைப் பச்சையாகச் சாப்பிட்டால் மாவு மாதிரி இருக்கும், ஐஸ்கிரீமாக வாங்கிக் கொடுங்கள்.